காய்கறி கார்ட்டூனில் கடவுள்: பொது சேனலுக்கு வரும்போது பெயரை வெட்டியது சரியா?

மன்னார்குடிக்காரன் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். ஒஹாயோவில் கொலம்பஸ் நகரத்தில் இருக்கிறோம். மகளுக்கு ஐந்து வயது, கிண்டர்கார்டன் போகிறாள். சனிக்கிழமை காலையில் அவளைப் பொது நூலகத்துக்குக் கூட்டிப் போவது என் வேலை. புத்தகம் ஐந்து, டிவிடி இரண்டு என்று எங்களுக்குள் ஒரு கணக்கு. மூன்று வாரத்துக்கு முன்னால் அவள் ஓடிப்போய் எடுத்து வந்த டிவிடியின் அட்டையில் ஒரு தக்காளியும் ஒரு வெள்ளரிக்காயும் சிரித்துக்கொண்டிருந்தன. வெஜ்ஜிடேல்ஸ் என்று பெயர். கை கிடையாது, கால் கிடையாது, எல்லாக் காயும் குதித்துக் குதித்தே நடக்கின்றன. வீட்டில் அவளைக் காய் சாப்பிட வைப்பதே தினமும் போராட்டம் என்பதால், நல்லதுதானே என்று வாங்கி வந்தேன்.

அட்டையில், ஞாயிற்றுக்கிழமை காலையின் நெறிகள், சனிக்கிழமை காலையின் கொண்டாட்டம் என்று பொருள் வருகிற மாதிரி ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. படித்தேன், மனதில் ஏறவில்லை. எனக்கு ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் ஹரித்ரா நதிக்கரையில் கிரிக்கெட். இந்த ஊர்க்காரர்களுக்கு அது சர்ச் என்று உறைக்கவே இல்லை.

ஒரு வாரம் கழித்து, ராத்திரி அவள் அறைக்கு விளக்கை அணைக்கப் போனேன். பொம்மைகளை வரிசையாகப் படுக்க வைத்து, ஒவ்வொன்றுக்கும் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டே ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள்: கடவுள் உன்னைச் சிறப்பாகப் படைத்திருக்கிறார், உன்மேல் அவருக்கு ரொம்பப் பிரியம். அந்தத் தக்காளியும் வெள்ளரிக்காயும் கடைசியில் விடைபெறும்போது சொல்கிற வாசகம். ஆறு மாதம் எங்களோடு இருக்க வந்திருக்கிற அம்மா, "குழந்தை என்னடா சொல்றா?" என்று கேட்டார். தமிழில் சொன்னேன். "நல்ல வார்த்தைதானே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என் மனைவிக்கு அப்படித் தோன்றவில்லை. "கடவுளைப் பற்றி நாம சொல்லிக்கொடுக்கணும், தக்காளி சொல்லிக்கொடுக்கக்கூடாது" என்றாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. முருகன் படம் இருக்கிற வீடு இது. கந்த சஷ்டி கவசம் இன்னும் குழந்தைக்குப் பாதிகூட வராது, அதற்குள் இது.

ஆபீசில் இதைச் சொன்னேன். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த பையன் ஒருவன், இருபத்தைந்து வயது இருக்கும், "சின்ன வயசில் சனிக்கிழமை காலையில் என்பிசி டிவி சேனலில் இதைப் பார்த்திருக்கிறேன், அதில் கடவுள் வந்த ஞாபகமே இல்லையே" என்றான். தேடிப் பார்த்தால் அவன் சொன்னது சரி. 2006-இல் என்பிசி இதை வாங்கி ஒளிபரப்பியபோது, கடவுள் வருகிற இடங்களை வெட்டச் சொல்லியிருக்கிறார்கள்.

அதைப் படித்தபோது ஒரு நிமிடம் நிம்மதியாக இருந்தது, அந்தப் பதிப்பு கிடைத்தால் அதையே போடலாமே என்று. மறுநிமிடம் சங்கடமாகிவிட்டது. யாரோ நம்பிக்கையோடு செய்த ஒன்றின் நடுவிலிருந்து அவர்கள் சாமியை எடுத்துவிட்டு மிச்சத்தைக் கொடு என்று நான் கேட்கலாமா? எங்கள் முருகன் கதையை யாராவது வேல் இல்லாமல், முருகன் பெயர் இல்லாமல் காட்டினால் எனக்கு எப்படி இருக்கும்?

எல்லா மதத்துக் குழந்தைகளும் பார்க்கிற பொது சேனலில் குழந்தைகள் நிகழ்ச்சிக்குள் மதம் வரலாமா? வந்தால் இப்படி வெட்டலாமா? அந்தச் சமயத்தில் இங்கே பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். டிவிடியை நூலகத்துக்குத் திருப்பித் தரவேண்டிய நாள் வேறு நெருங்குகிறது.

நாசரேத் அக்கா

தம்பி, நான் அந்தச் சமயத்தில் இங்கேதான் பிள்ளை வளர்த்தேன். சிகாகோவுக்கு மேற்கே, அந்த நிகழ்ச்சியைத் தயாரித்த பிக் ஐடியா கம்பெனி இருந்த லொம்பார்ட் ஊருக்குப் பக்கத்தில்தான் அப்போது எங்கள் வீடு. நாங்கள் சிஎஸ்ஐ கிறிஸ்தவர்கள், சொந்த ஊர் நாசரேத். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். ஃபில் விஷர், மைக் நவ்ராக்கி என்று இரண்டு பேர், பைபிள் கல்லூரியில் ஒன்றாகப் படித்த நண்பர்கள். 1993 கடைசியில் முதல் வீடியோவைக் கொண்டுவந்தார்கள். முழுக்கக் கம்ப்யூட்டரில் செய்த படம். அன்றைக்கு இருந்த கம்ப்யூட்டரில் கை, கால், முடி, உடுப்பு எல்லாம் அசைய வைப்பது பெரும்பாடு என்பதால்தான் காய்கறி. முதலில் ஒரு சாக்லேட் கட்டியைத்தான் நாயகனாக யோசித்திருக்கிறார் விஷர். இனிப்புமேல் பிள்ளைகளுக்கு ஆசை வந்தால் அம்மாக்கள் கோபப்படுவார்கள் என்று அவர் மனைவி சொல்ல, வெள்ளரிக்காய் வந்தது. பாப் என்ற அந்தத் தக்காளிக்குக் குரல் விஷருடையது, வெள்ளரிக்காய்க்கு நவ்ராக்கி.

ஒளிக்காமல் செய்தார்கள், அதுதான் எனக்குப் பிடித்தது. தாவீது கோலியாத் கதையில் கோலியாத் ஒரு பிரம்மாண்டமான ஊறுகாய் வெள்ளரி. அக்கினிச் சூளையில் போடப்பட்ட சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ கதை ஒரு சாக்லேட் தொழிற்சாலையில் நடக்கும். கதை முடிந்ததும் சமையல் மேடையில் இருக்கிற க்வெர்ட்டி என்ற கம்ப்யூட்டர் அன்றைக்குரிய வசனத்தைக் காட்டும். நாங்கள் ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனம் சொல்லுவோமே, அதேதான். கடைசியில் உங்கள் மகள் சொன்ன அந்த வரி. இயேசுவைக் காயாகக் காட்டக்கூடாது என்று அவர்களுக்குள் ஒரு விதி வைத்திருந்தார்கள். விஷரின் அம்மா போட்ட விதி என்று படித்திருக்கிறேன். விளையாட்டுக்கு ஓர் எல்லை வைத்துக்கொண்டு விளையாடினார்கள்.

முதலில் பெரும்பாலும் கிறிஸ்தவப் புத்தகக் கடைகளில் விற்றது, அப்புறம் வால்மார்ட், டார்கெட் எல்லாம் போயிற்று. 2002-இல் யோனா கதையைத் தியேட்டர் படமாக எடுத்தார்கள். அடுத்த வருஷமே கம்பெனி திவால். கிளாசிக் மீடியா வாங்கியது. அப்போதிலிருந்து விஷர் முதலாளி இல்லை, எழுதவும் குரல் கொடுக்கவும் கூப்பிடப்படுகிறவர். இது முக்கியம், ஏனென்றால் 2006-இல் என்பிசிக்கு நிகழ்ச்சியைக் கொடுக்கலாமா கூடாதா என்ற முடிவு அவர் கையில் இல்லை.

அந்த வருஷம் செப்டம்பர் 9, சனிக்கிழமை. என்பிசியில் க்யூபோ என்ற பெயரில் குழந்தைகள் நிகழ்ச்சி வரிசை ஆரம்பித்தது. கிளாசிக் மீடியா, ஸ்கொலாஸ்டிக், ஐயான், கோரஸ் எல்லாரும் அதில் கூட்டு. சபையில் எல்லோரும் ஒரு மாதமாகப் பேசிக்கொண்டிருந்தோம், நம்ம நிகழ்ச்சி பெரிய டிவியில் வருகிறது என்று. என் மகனுக்கு அப்போது நாலரை வயது. வீட்டில் ஒன்பது வீடியோ கேசட் இருந்தது, ஒன்பதும் அவனுக்கு மனப்பாடம். பைஜாமாவோடு தரையில் உட்கார்ந்துகொண்டான், பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் கார்ன்ஃப்ளேக்ஸ் மாதிரி சீரியல்.

முதல் வித்தியாசம் அவனுக்கே தெரிந்துவிட்டது. சமையல் மேடை இல்லை, தக்காளியின் வீடு என்று புதிதாக ஓர் இடம். க்வெர்ட்டி இல்லை, ஆகவே வசனமும் இல்லை. கடைசியில் விடைபெறுகிற நேரம் வந்ததும் இவன் எழுந்து நின்று, வழக்கம்போல டிவிக்கு முன்னாலேயே முந்திக்கொண்டு சத்தமாகச் சொன்னான், கடவுள் உன்னைச் சிறப்பாகப் படைத்திருக்கிறார் என்று. டிவியில் தக்காளி சொன்னது வேறு. என் வீட்டுக்கு வந்ததற்கு நன்றி, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று முடித்துக்கொண்டது. இவன் அப்படியே நின்றான். என்னைத் திரும்பிப் பார்த்து, "அம்மா, பாப் மறந்துட்டாரா?" என்று கேட்டான்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "நேரம் ஆயிடுச்சு போல" என்றேன். பிறகு பத்திரிகையில் பார்த்தால் என்பிசியும் முதலில் அதைத்தான் சொல்லியிருந்தது, நேரத்துக்கு ஏற்றபடி சுருக்கினோம் என்று. அரை மணி நேரத்தில் விளம்பரம் போக இருபத்துச் சொச்சம் நிமிடம்தான் என்பது உண்மை, வெட்டாமல் முடியாது. ஆனால் எதை வெட்டினார்கள் என்பதுதானே கேள்வி. விஷர் தன் வலைப்பதிவில் வெளிப்படையாக எழுதினார். அதற்கப்புறம்தான், எந்த ஒரு மதப் பார்வையையும் ஆதரிப்பதாக ஆகிவிடக்கூடாது, முடிந்தவரை எல்லோரையும் சென்றடைய வேண்டும் என்பது எங்கள் நோக்கம் என்று என்பிசி சொன்னது. எவ்வளவு வெட்டுப்போகும் என்று முன்னமே தெரிந்திருந்தால் இந்த வேலைக்கே சம்மதித்திருக்க மாட்டேன் என்றார் விஷர். ப்ரெண்ட் போஸெல் தலைமையில் இருந்த பெற்றோர் தொலைக்காட்சி மன்றம் கண்டனம் தெரிவித்தது. அதே என்பிசி அந்த நவம்பரில் மடோனாவின் கச்சேரியை ஒளிபரப்ப இருந்தது, அதில் அவர் சிலுவையில் தொங்குகிற மாதிரி ஒரு காட்சி. தக்காளி கடவுள் பெயரைச் சொல்லக்கூடாது, இதை மட்டும் காட்டலாமா என்று எங்கள் சபையில் கொதித்தார்கள். கடைசியில் அந்தக் காட்சியையும் என்பிசி எடுத்துவிட்டது. நானும் கோபத்தில் சேனலுக்கு ஒரு கடிதம் எழுதினேன்.

இப்போது அந்தக் கடிதத்தை வேறு மாதிரி எழுதுவேன். காரணம் சொல்கிறேன்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது, அப்பாவுக்குச் சென்னையில் ரயில்வே வேலை, பெரம்பூரில் இருந்தோம். 1987 ஜனவரி முதல் தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ராமாயணம். ஒன்றரை வருஷம் ஓடியது. ஆராதனை முடிந்து வரும்போது தெருவே அமைதியாக இருக்கும். அடுத்த வீட்டு மாமி கூப்பிடுவார்கள், போய் உட்காருவேன். எனக்கு அனுமனை ரொம்பப் பிடிக்கும். ஒரு நாள் டிவிப் பெட்டிக்கே மாலை போட்டிருந்தார்கள். அது கதையாக இருந்த வரைக்கும் அந்த வீட்டில் நானும் ஒரு பிள்ளை. மாலையைப் பார்த்ததும்தான் நான் விருந்தாளி என்று புரிந்தது. யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை, மாமி சுண்டல்கூடக் கொடுத்தார்கள். ஆனால் அந்த உணர்வு எனக்குத் தெரியும் தம்பி. உங்கள் வீட்டில் உங்கள் மனைவிக்கு வந்திருப்பது அதுதான். நான் என்பிசிக்குக் கடிதம் எழுதியபோது, அதே சேனலைப் பார்க்கிற யூதப் பிள்ளையை, முஸ்லிம் பிள்ளையை, உங்கள் மகளை மாதிரிப் பிள்ளையை நினைக்கவே இல்லை.

ஆகவே, ஒரு பொது சேனல் "இது எங்களுக்கு வேண்டாம்" என்று சொல்லியிருந்தால் எனக்கு வருத்தம் இருந்திருக்கும், குறை சொல்லியிருக்க மாட்டேன். வாங்கி, நடுவில் இருந்ததை எடுத்துவிட்டு, அதே தக்காளி அதே குரலில் பேசவிட்டதுதான் தப்பு. முதல் வீடியோவையே எடுத்துக்கொள்ளுங்கள். இருட்டுக்குப் பயப்படுகிற சின்ன அஸ்பாரகஸ் பையனுக்கு, பூச்சாண்டியைவிடக் கடவுள் பெரியவர் என்று பாட்டுப் பாடிச் சொல்லுவார்கள். அதில் கடவுளை எடுத்துவிட்டால் அந்தப் பையனுக்குச் சொல்ல என்ன இருக்கிறது? பயப்படாதே என்பது மட்டும் மிஞ்சும். ஏன் பயப்பட வேண்டாம் என்பது போய்விடும். இன்னொரு தீங்கும் உண்டு. கிறிஸ்தவர்கள் செய்தது என்ற அடையாளமே இல்லாமல் அது உங்கள் மாதிரி வீட்டுக்குள் வரும். அடையாளம் இருந்தால்தானே நீங்கள் வேண்டும் வேண்டாம் என்று முடிவு செய்ய முடியும்?

முன்னால் இங்கே நேர்மையாகச் செய்தும் இருக்கிறார்கள். 1965 டிசம்பர் 9, சிபிஎஸ் சேனலில் சார்லி ப்ரௌன் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி. கொக்கோகோலா விளம்பரத்தில் நடந்த சுத்தமான வியாபார நிகழ்ச்சி அது. கிறிஸ்துமஸ் என்றால் என்னவென்று யாருக்காவது தெரியுமா என்று சார்லி கத்துவான். லைனஸ் என்ற சின்னப் பையன் மேடை நடுவில் போய் நின்று லூக்கா இரண்டாம் அதிகாரத்தில் மேய்ப்பர்கள் பகுதியை அப்படியே சொல்லுவான். "பயப்படாதிருங்கள்" என்று தூதன் சொல்கிற இடத்தில், எப்போதும் விடாமல் பிடித்திருக்கிற போர்வையை அவன் கை தானாக விட்டுவிடும். சேனல்காரர்களுக்குத் தயக்கம் இருந்தது, சார்லி ப்ரௌனைப் படைத்த ஷுல்ஸ் அதை நீக்க மறுத்துவிட்டார். யாரையும் ஏமாற்றவில்லை. கிறிஸ்துமஸ் என்று பெயர் போட்டு, கிறிஸ்துமஸ் கதை சொன்னார்கள்.

உங்கள் டிவிடியும் அந்த மாதிரிதான், வெட்டாதது. பெயர் இருக்கிற பதிப்பையே வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, இது கிறிஸ்தவர்கள் சொல்கிற கதை, நம் வீட்டில் இப்படிச் சொல்லுவோம் என்று சேர்த்துச் சொல்லுங்கள். வேண்டாம் என்று தோன்றினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அதிலும் ஒரு தப்பும் இல்லை. வெட்டிய பதிப்பைத் தேடாதீர்கள்.

அலைவரிசை

அக்கா சொன்னதோடு ஒரு விஷயம். நான் இங்கே உள்ளூர் டிவி நிலையம் ஒன்றில் ஒளிபரப்பு அட்டவணை வேலை பார்க்கிறேன். இதில் சட்டம் எங்கே வருகிறது என்று பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

என்பிசி வெட்டியது அரசு சொல்லி இல்லை. அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் அரசைத்தான் கட்டுப்படுத்துகிறது, தனியார் சேனல் பைபிள் கதை காட்டுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. சட்டம் கேட்பது வேறு. 1990-இல் குழந்தைகள் தொலைக்காட்சிச் சட்டம் வந்தது. 1996-இல் ஒளிபரப்பை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான எஃப்சிசி விதியைக் கடுமையாக்கி, நிலையங்கள் வாரத்துக்கு 3 மணி நேரம் குழந்தைகளுக்கான கல்வி நிகழ்ச்சி காட்ட வேண்டும் என்று ஆக்கியது. திரை ஓரத்தில் ஈ/ஐ என்று ஒரு முத்திரை வருமே, அது இதற்குத்தான். க்யூபோ வரிசை அந்தக் கணக்கை நிறைக்கத்தான் வந்தது. பொறுமை, உண்மை பேசுதல், பகிர்தல் என்று பாடம் சொல்கிற நிகழ்ச்சி என்பதால் வெஜ்ஜிடேல்ஸ் கச்சிதமாகப் பொருந்தியது. நல்ல பழக்கம் வேண்டும், அது எங்கிருந்து வருகிறது என்று சொன்ன வாய் வேண்டாம். அட்டவணை போடுகிறவனாக எனக்கு அந்த நெருக்கடி புரிகிறது, ஆனாலும் அந்த முடிவு எனக்கு உவப்பில்லை.

இரண்டு உதாரணம் மட்டும் சொல்கிறேன். 1961-இல் வந்த டேவி அண்ட் கோலியாத், பையனும் பேசும் நாயும் வருகிற களிமண் பொம்மைப் படம். லூத்தரன் சபை பணம் போட்டு, கம்பி (Gumby) என்ற களிமண் பொம்மைப் பாத்திரத்தைச் செய்த ஆர்ட் க்ளோக்கியிடம் எடுக்கச் சொன்னது. சாதாரண நிலையங்கள் எல்லாம் காட்டின, யார் தயாரிப்பு என்பது எல்லோருக்கும் தெரியும். இன்னொருவர் ஃப்ரெட் ராஜர்ஸ். 1963-இல் பிரெஸ்பிடேரியன் சபையில் குருப்பட்டம் பெற்றவர். அவருக்கு சபை கொடுத்த ஊழியமே டிவி வழியாகக் குழந்தைகளுக்குப் பணி செய்வதுதான். 1968 முதல் 2001 வரை பொதுத் தொலைக்காட்சியில் வந்தார், பிரசங்கம் செய்ததே இல்லை. நீ எப்படி இருக்கிறாயோ அப்படியே உன்னைப் பிடிக்கும் என்று சொல்லிவிட்டுப் போவார். வெஜ்ஜிடேல்ஸின் கடைசி வரியும் கிட்டத்தட்ட அதுதான். ஆனால் ராஜர்ஸ் கடவுள் பெயரைச் சொல்லாதது அவரே ஆரம்பத்திலிருந்து எடுத்த முடிவு. நிகழ்ச்சி முழுவதையும் அதற்கேற்றபடி கட்டியிருந்தார். யாரோ கத்தரி எடுத்து வந்து வெட்டவில்லை.

கீழக்கரை உம்மா

நான் சென்னையில் இருக்கிறேன், இராயப்பேட்டை. அமெரிக்கா போனதில்லை. ஆனால் அக்கா எழுதின மாலை விஷயத்தைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் மகன் சின்னவனாக இருந்தபோது கார்ட்டூன் நெட்வொர்க்கில் ரோல் நம்பர் 21 என்று ஒரு தொடர். கிருஷ்ணர் க்ரிஸ் என்ற பள்ளிக்கூடப் பையனாகப் பிறந்து மதுராவில் ஓர் அனாதை இல்லத்தில் இருப்பார், கம்சன் அங்கே பிரின்சிபால் கனிஷ்க். அதற்கு முன்னால் 2009-இல் நிக் சேனலில் லிட்டில் கிருஷ்ணா வந்தது, அதில் பெங்களூரு இஸ்கான் ஆட்களின் பங்கு உண்டு. இவனுக்கு ரோல் நம்பர் 21 என்றால் உயிர். மெரினாவில் பிளாஸ்டிக் புல்லாங்குழல் வாங்கி, நாள் பூரா அதை இடுப்பில் செருகிக்கொண்டு திரிவான். என் மாமிக்கு அது பொறுக்கவில்லை. டிவியை நிறுத்து என்றார்கள்.

நான் நிறுத்தவில்லை. அவனுக்கு அது சூப்பர்ஹீரோ, அவ்வளவுதான். மக்தபுக்குப் போகிறான், ஓதுகிறான், நாம் யார் என்று அவனுக்குத் தெரியும் என்று மாமியிடம் சொன்னேன். ஆனால் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. இங்கே யாரும் அந்தத் தொடரை மத நிகழ்ச்சி என்று நினைக்கவில்லை. கிருஷ்ணர் பெயரை எடுக்கச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. அதே சேனலில் நபிமார் கதை ஒன்று கார்ட்டூனாக வந்தால் எத்தனை பேர் கேட்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். யூசுஃப் நபி கதை எவ்வளவு அழகு, கிணற்றில் போட்ட அண்ணன்மாரை அவர் கடைசியில் மன்னிப்பது எல்லாப் பிள்ளைக்கும் தெரிய வேண்டிய விஷயம். உருவம் காட்டக்கூடாது என்பதால் எங்கள் ஆட்களே எடுக்க மாட்டார்கள், அது வேறு.

தம்பி, உங்கள் மகளுக்கு அந்த வரி பிடித்திருக்கிறது என்றால் பிடுங்காதீர்கள். படைத்தவன் உன்மேல் அன்பாக இருக்கிறான் என்பதில் எங்கள் வீட்டுக்கும் சம்மதம்தான்.

நாசரேத் அக்கா

உம்மா, நீங்கள் சொன்னது சரி. பெரிய கூட்டத்தின் சாமி வரும்போது அது மதமாகவே கண்ணுக்குத் தெரிவதில்லை. இங்கே கிறிஸ்தவர்கள்தான் பெரிய கூட்டம், ஆனாலும் என்பிசி வெட்டியது. அதை நினைத்தால், அந்தப் பெரிய சேனலில் யாரோ ஒருவர் சின்னக் கூட்டத்துப் பிள்ளையை நினைத்துத்தான் அந்தக் கத்தரியை எடுத்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. எண்ணம் நல்லது, வேலை நல்லதில்லை. யூசுஃப் கதை எங்களுக்கும் உண்டு, யோசேப்பு என்போம். ஞாயிறு பள்ளியில் எனக்கு மிகவும் பிடித்த பாடம்.

என் மகனிடம் நேற்று கேட்டேன், பாப் மறந்துட்டாரா என்று கேட்டாயே ஞாபகம் இருக்கிறதா என்று. சுத்தமாக ஞாபகம் இல்லையாம். கடைசி வரியை மட்டும் போனிலேயே முழுசாகச் சொன்னான்.

மன்னார்குடிக்காரன்

அக்கா, உம்மா, அலைவரிசை நண்பர், எல்லோருக்கும் நன்றி. உங்கள் பதில்களை என் மனைவிக்கும் படித்துக் காட்டினேன். அக்காவின் மாலை விஷயம் வந்த இடத்தில் அவள் ஒன்றும் பேசவில்லை, கொஞ்ச நேரம் கழித்து, "சரி, எல்லாரும் சேர்ந்து பார்ப்போம்" என்றாள். நூலகத்தில் டிவிடியை இன்னும் மூன்று வாரத்துக்குப் புதுப்பித்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரி நாலு பேரும் சோபாவில் உட்கார்ந்து தாவீது கோலியாத் கதையைப் பார்த்தோம். நான் தமிழில் சொல்லச் சொல்ல அம்மா தலையாட்டிக்கொண்டே கேட்டார். க்வெர்ட்டி வசனம் காட்டும்போது, இது கிறிஸ்தவர்களுடைய புத்தகத்தில் இருப்பது, இந்தக் கதை செய்தவர்கள் அவர்கள் என்று மகளிடம் சொன்னேன். "நம்ம புத்தகத்துல யாரு?" என்று கேட்டாள். அம்மா அதற்காகவே காத்திருந்த மாதிரி சூரசம்ஹாரத்தை ஆரம்பித்துவிட்டார். திருச்செந்தூர்க் கடற்கரை, சிங்கமுகன், வேல் எல்லாம் வந்தது. அந்த ஊர் உங்கள் நாசரேத்துக்குப் பக்கம்தானே அக்கா?

பாதியில் மகள் நிறுத்தி, "பாட்டி, சூரபத்மன் என்ன காய்?" என்று கேட்டாள்.

அம்மா யோசிக்கவே இல்லை. "மாங்காய். கடைசியில மாமரமாத்தானே நின்னான்" என்றார்.

"அப்போ முருகன்?"

"முருகனைக் காயா ஆக்கப்படாது. முருகன் முருகன்தான்."

அக்கா எழுதிய அந்த விதியை அம்மாவிடம் நான் சொல்லியிருக்கவில்லை.